அன்றிரவே கேட்டுவிடாதீர்கள்: பிள்ளை போதையில் சிக்கியிருப்பதாகத் தெரிந்தால் பெற்றோர் செய்ய வேண்டியவை

துவைக்கப் போட்ட ஜீன்ஸின் பாக்கெட்டில் கைவிட்டால் ஒரு சின்ன ஜிப் கவர் தட்டுப்படுகிறது. உள்ளே காய்ந்த பச்சைத் தூள், இரண்டு விதை. கூடவே சுருட்டுவதற்கான மெல்லிய தாள். அம்மாவுக்குக் கை நடுங்குகிறது. உடனே அப்பாவுக்கு போன். அவர் வரும் வழியிலேயே சித்தப்பாவுக்கு போன். ஒன்பது மணிக்குப் பையன் உள்ளே நுழையும்போது கூடத்தில் நான்கு பேர் உட்கார்ந்திருக்கிறார்கள், மேஜைமேல் அந்தக் கவர் கிடக்கிறது. ஒன்பதரைக்குப் பையன் வீட்டில் இல்லை.

போதைப்பழக்கத்தால் அல்லாடும் குடும்பங்கள் கூடிப் பேசும் குழு ஒன்றில் சில வருடங்களாக உட்கார்ந்து வருகிறேன். இந்தக் காட்சியை ஆள் மாற்றி, பொருள் மாற்றிப் பலமுறை கேட்டாயிற்று. கவருக்குப் பதில் மாத்திரை அட்டையாக இருக்கும், பையனுக்குப் பதில் பெண்ணாக இருக்கும். அந்த அரை மணி நேரம் மட்டும் மாறுவதே இல்லை. அதற்குப் பிறகு பிள்ளையை மறுபடி வாய் திறக்க வைக்க மாதக்கணக்கில் ஆனவர்கள் உண்டு. மருத்துவர், ஆலோசகர், மறுவாழ்வு மையம் என்று என்னென்னவோ பிறகு வரும். பிள்ளை உங்களிடம் உண்மை பேசுகிற ஒரு வழி திறந்திருந்தால்தான் அவை எல்லாம் வேலை செய்யும். ஆகவே, கண்டுபிடித்த அன்று எதுவும் கேட்காதீர்கள். கவரைப் பத்திரமாக எடுத்து வையுங்கள், முடிந்தால் தூங்குங்கள்.

இதற்கு ஒரே ஒரு விலக்கு உண்டு. அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

உயிருக்கு ஆபத்தா என்று பாருங்கள்

உலுக்கினாலும் எழவில்லை. மூச்சு மிக மெதுவாக, விட்டு விட்டு வருகிறது. தொண்டையில் கொறகொறவென்று சத்தம். உதடும் நகமும் நீலம் பாய்ந்திருக்கின்றன. இவற்றில் ஒன்று தெரிந்தாலும் யோசிக்காமல் ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்கள். ‘தூங்கி எழுந்தால் தெளிந்துவிடும்’ என்று விட்டுவிடக் கூடாது. குடிப்பதை நிறுத்திய பிறகும் வயிற்றில் இருக்கும் மது ரத்தத்தில் ஏறிக்கொண்டேதான் இருக்கும். படுக்கும்போது உளறிக்கொண்டிருந்தவர் அரை மணி கழித்து நினைவிழக்கலாம்.

ஆம்புலன்ஸ் வரும்வரை ஒருக்களித்துப் படுக்க வையுங்கள், தனியாக விடாதீர்கள். மல்லாந்து கிடந்தால் வாந்தி மூச்சுக்குழாய்க்குள் இறங்கிவிடும். காபி கொடுப்பது, தலையில் தண்ணீர் ஊற்றுவது, விரலை விட்டு வாந்தி எடுக்க வைப்பது எதுவும் வேண்டாம். ஹெராயின், டிராமடால் போல அபின் மாதிரி வேலை செய்யும் ஓபியாய்டு வகையென்றால் நலாக்சோன் என்ற முறிவு மருந்து இருக்கிறது. சில நிமிடங்களில் மூச்சை மீட்டுத் தரும். ஆனால் அதன் வேலை 30 முதல் 90 நிமிடங்களில் தீர்ந்துவிடுவதால், கண் திறந்துவிட்டாலும் மருத்துவமனைக்குப் போயே ஆக வேண்டும். அங்கே கௌரவம் பார்க்காதீர்கள். கிடைத்த அட்டையை, பாட்டிலை அப்படியே கையோடு கொண்டு போய்க் காட்டுங்கள். வலி மாத்திரைகளில் பலவற்றில் பாராசிட்டமாலும் கலந்திருக்கும். அளவு மீறினால் கல்லீரல் கெடுவது முதல் நாளில் வெளியே தெரியாது.

பலருக்குத் தெரியாத இன்னொன்று. ஒயிட்னர், தின்னர், பசை, ஸ்ப்ரே போன்றவற்றை முகர்ந்துகொண்டிருக்கும்போது பிள்ளையைக் கையும் களவுமாகப் பிடித்தால் கத்தாதீர்கள், துரத்தாதீர்கள். பயத்தில் உடம்பில் சுரக்கும் அட்ரினலினுக்கு இதயம் அளவுக்கு மீறித் துடித்துப்போகும்படி அந்த ஆவி செய்துவிடுகிறது. திடீர்ப் பயமோ ஓட்டமோ சேர்ந்தால் இதயத்துடிப்பு தாறுமாறாகி நின்றே போகலாம், முதல் தடவை முகர்பவருக்குக்கூட. ஜன்னலைத் திறந்து, மெதுவான குரலில் உட்கார வையுங்கள். திட்டு பிறகு.

சந்தேகமா, உண்மையா

வளரிளம் பருவமே பாதி அறிகுறிகளைக் கொண்டதுதான். நடுராத்திரி வரை விழிப்பு, மதியம் வரை தூக்கம், கதவைச் சாத்திக்கொள்வது, கேட்டதற்கெல்லாம் எரிந்து விழுவது. இதில் ஒன்றை வைத்து முடிவுக்கு வந்துவிடாதீர்கள். சில வாரங்களுக்குள் பல மாற்றங்கள் சேர்ந்து வருகின்றனவா என்று பாருங்கள்: பழைய நண்பர்கள் காணாமல் போய், வீட்டுக்கு வராத புது நண்பர்கள், உயிராக இருந்த விளையாட்டோ இசையோ சட்டென்று சலித்துப்போவது, மார்க் சரிவு, வீட்டில் பணம் குறைவது, பணம் எங்கே போனது என்ற கேள்விக்கு நீளமான பதில்.

உடம்பு சொல்வதும் உண்டு. கஞ்சாவில் கண் சிவக்கும், பசி அலறும். ஓபியாய்டில் கண்மணி ஊசிமுனை அளவுக்குச் சுருங்கி, உட்கார்ந்தபடியே தலை தொங்கும். கோகெய்ன், மெத் போன்ற ஊக்கப் பொருள்களில் கண்மணி விரிந்து, இரண்டு நாள் தூக்கமும் சாப்பாடும் இல்லாமல் ஓடிவிட்டு மூன்றாம் நாள் பிணம்போல் தூங்குவார்கள். முகர்பவர்களுக்கு வாயைச் சுற்றிப் புண், துணியில் ரசாயன வாடை.

வீட்டில் சிறுநீர்ப் பரிசோதனை செய்யலாமா என்று எல்லாரும் கேட்கிறார்கள். நான் வேண்டாம் என்பேன். எப்போதாவது கஞ்சா இழுப்பவரிடம் மூன்று நான்கு நாளில் தடயம் மறைந்துவிடும், தினமும் இழுப்பவரிடம் ஒரு மாதம்கூடத் தங்கும். சில சாதாரண மருந்துகளே தப்பான முடிவு காட்டும். முகரும் பொருள்களையும் பல மாத்திரைகளையும் அந்தப் பரிசோதனைப் பட்டை பிடிக்காது. இவ்வளவு குழப்பத்துக்காக உங்கள் குளியலறை வாசலில் நீங்களே காவல் நிற்கத் தொடங்கினால் வீட்டில் திருடன் போலீஸ் ஆட்டம்தான் நடக்கும். தேவை என்றால் மருத்துவர் செய்யட்டும், பிள்ளைக்குத் தெரிந்தே செய்யட்டும்.

அறையைச் சோதிப்பது வேறு விஷயம். உயிருக்கு ஆபத்து என்று நியாயமான பயம் இருந்தால் சோதியுங்கள். ஆனால் சோதித்ததை மறைக்காமல் சொல்லிவிடுங்கள்.

எவ்வளவு தூரம் போயிருக்கிறது

ஒரு தடவை ருசி பார்த்ததும், வாரக் கடைசியில் நண்பர்களோடு எடுப்பதும், அது இல்லாமல் நாள் நகராததும் ஒன்றில்லை. மூன்றுக்கும் ஒரே தண்டனை கொடுப்பதுதான் வீடுகளில் நடக்கிறது. மனநல மருத்துவர்கள் பயன்படுத்தும் டிஎஸ்எம்-5 கையேடு (2013) 11 அடையாளங்களை வைத்துப் பார்க்கிறது. நினைத்ததைவிட அதிகமாக எடுத்துவிடுவது, விட நினைத்தும் முடியாமை, அடங்காத ஏக்கம், படிப்பும் உறவும் கெடுவது தெரிந்தும் தொடர்வது, அதே கிக்குக்கு அளவு கூடிக்கொண்டே போவது, நிறுத்தினால் உடம்பு படுத்துவது என்று பட்டியல் போகும். ஒரு வருடத்துக்குள் இரண்டு மூன்று இருந்தால் லேசானது, நான்கைந்து என்றால் நடுத்தரம், ஆறோ அதற்கு மேலோ என்றால் தீவிரம். இதை நீங்கள் வீட்டில் மார்க் போட வேண்டாம். எதைக் கவனிப்பது என்று தெரிந்துகொள்ள மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

‘இத்தனை புத்தி சொல்லியும் ஏன் உறைக்கவில்லை’ என்பதற்கு மூளையில் ஒரு பதில் இருக்கிறது. பின்விளைவை எடைபோட்டு ‘வேண்டாம்’ என்று கையைப் பிடித்து இழுக்கும் முன்மூளைப் பகுதி முழுதாக முதிர 25 வயதை ஒட்டி ஆகிவிடும். இன்பத்துக்கு ஓடுகிற பகுதியோ பதின்வயதிலேயே முழு வேகத்தில் இருக்கும். போதைப்பொருள் அங்கே டோபமைன் என்ற இன்ப ரசாயனத்தைக் கொட்டுகிறது. கொட்டிக் கொட்டிப் பழகிய மூளைக்குச் சாதாரண சந்தோஷம் எதுவும் ஏறாது. கிரிக்கெட் சலித்துப்போவது அதனால்தான். சீக்கிரம் தொடங்குவதன் விலையும் இங்கேதான் இருக்கிறது. அமெரிக்காவில் 1997-இல் வெளியான ஒரு பெரிய ஆய்வில், 15 வயதுக்கு முன் குடிக்கத் தொடங்கியவர்களில் சுமார் 40 சதவீதம் பேர் வாழ்நாளில் ஏதோ ஒரு கட்டத்தில் குடிக்கு அடிமையாகியிருந்தார்கள். 20 வயதுக்கு மேல் தொடங்கியவர்களில் அது சுமார் 10 சதவீதம்.

இன்னொரு கேள்வியும் கேட்டுக்கொள்ளுங்கள். இது பிள்ளைக்கு எதைக் கொடுக்கிறது? எங்கள் குழுவுக்கு ஒரு அம்மா வந்தார். பதினாறு வயதுப் பெண், வலி மாத்திரை. ‘எதுக்குடி இதெல்லாம்?’ என்று மூன்று மாதம் கேட்டும் பதிலில்லை. ஒருநாள் கேள்வியை மாற்றி, ‘அதைப் போட்டா எப்படி இருக்கும்?’ என்று கேட்டிருக்கிறார். ‘மண்டைக்குள்ள ஓடுறது நின்னுடும்மா’ என்றதாம் பெண். பதற்ற நோய்க்கான சிகிச்சை அந்த ஒரு வரியிலிருந்துதான் தொடங்கியது. மனச்சோர்வு, பதற்றம், கவனக்குறைவுக் கோளாறு, கேலிக்கும் வன்முறைக்கும் ஆளானது, வெளியே சொல்ல முடியாத பாலியல் தொல்லை ஆகியவை அடியில் கிடக்கலாம். மேலே இருப்பதை மட்டும் வெட்டினால் மறுபடி துளிர்க்கும்.

பேசுவது

இதற்குத்தான் அதிக நேரம் ஒதுக்கச் சொல்வேன்.

பிள்ளை போதையில் இல்லாத நேரமாகப் பாருங்கள். இரவு வேண்டாம். ஒருவர் பேசினால் போதும். யாரிடம் பிள்ளைக்குக் கொஞ்சமாவது ஒட்டுதல் இருக்கிறதோ அவர். நேருக்கு நேர் உட்கார்ந்தால் விசாரணை மாதிரி ஆகிவிடும். வண்டியில் போகும்போது, நடக்கும்போது, பாத்திரம் துடைக்கும்போது என்று கண் சந்திக்காத வேலைக்கு நடுவே பேச்சு சுலபமாக வரும். அதற்கு முன்பே கணவனும் மனைவியும் ஒரு முடிவுக்கு வந்திருக்க வேண்டும். ஒருவர் அடிக்க, மற்றவர் அணைக்க, நடுவில் பிள்ளை சுகமாக ஒளிந்துகொள்வது நாங்கள் வாராவாரம் கேட்கும் கதை.

தொடக்கத்தைச் சுற்றி வளைக்காமல், தெரிந்ததை மட்டும் சொல்லுங்கள். ‘சனிக்கிழமை உன் ஜீன்ஸ்ல இது கிடைச்சுது. எனக்குப் பயமா இருக்கு. திட்டறதுக்காகக் கூப்பிடல. என்ன நடக்குதுன்னு எனக்குப் புரியணும்.’ அதோடு நிறுத்திவிடுங்கள். மௌனம் வரும். அதை நிரப்ப வேண்டாம்.

‘அது என்னுது இல்ல, ஃப்ரெண்டோடது’ என்ற பதில் அநேகமாக வரும். பொய் என்று நிரூபிக்க இறங்கினீர்களோ, பேச்சு முடிந்தது. ‘சரி. ஃப்ரெண்டோடதுன்னே வெச்சுக்கலாம். நீ அவங்களோட இருக்கும்போது எப்படி இருக்கு?’ என்று கேட்டுப் பாருங்கள். அசட்டுத்தனமாகத் தோன்றும். ஆனால் அந்த நண்பனின் கதையிலேயே பாதி உண்மை வெளியே வந்துவிடும்.

உளவியலாளர் வில்லியம் மில்லர் 1983-இல் எழுதத் தொடங்கிய ஒரு பேச்சுமுறை இன்று உலகெங்கும் ஆலோசகர்களின் கையில் இருக்கிறது. அதன் சாரம் இவ்வளவுதான்: விட வேண்டிய காரணத்தை நீங்கள் சொன்னால், விட முடியாத காரணத்தை அவர் சொல்வார். விட வேண்டிய காரணத்தை அவர் வாயாலேயே வரவழைத்தால் விடும் பக்கம் தராசு சாயும். எனவே ‘இதுல உனக்குப் பிடிச்சது என்ன?’ என்று முதலில் கேளுங்கள். மறைக்காமல் சொல்வார்கள், ஏனென்றால் இதுவரை யாரும் கேட்டதில்லை. பிறகு, ‘பிடிக்காதது?’ ‘காலையில எழுந்திருக்கவே முடியல’ என்று வந்தால், ‘பாத்தியா, நான் அப்பவே சொன்னேன்ல’ என்று குதிக்காதீர்கள். ‘எழுந்திருக்க முடியாதது உனக்கே கஷ்டமா இருக்கு’ என்று அவர் சொன்னதையே திருப்பிச் சொல்லுங்கள். போதும்.

சொல்லக் கூடாதவை நிறைய. ‘குடும்ப மானம் போச்சு’ என்பது உங்கள் வலி, அதைப் பிள்ளை தலையில் ஏற்றினால் அடுத்த தடவை இன்னும் நன்றாக மறைக்கக் கற்றுக்கொள்ளும், அவ்வளவுதான். அடுத்த வீட்டுப் பிள்ளையை இழுக்காதீர்கள். சத்தியம் வாங்காதீர்கள். சத்தியம் செய்யும் நேரத்தில் அவர்கள் பெரும்பாலும் மனதாரத்தான் செய்கிறார்கள். மூன்றாம் நாள் ஏக்கம் வரும்போது அது உடையும், உடைந்ததும் ‘இனி என்ன இருக்கு’ என்று முழுதாக இறங்குவார்கள். அப்பாவுக்கே குடிப்பழக்கம் இருந்தால் பிள்ளை அதைச் சொல்லிக் காட்டும். ‘நான் பெரியவன்’ என்று பதில் சொல்லாதீர்கள். ‘ஆமா, நானும் குறைக்கணும்’ என்று சொல்லிக் குறைத்துக் காட்டினால் அதற்கு ஈடாக வேறெதுவும் கிடையாது.

வீட்டின் எல்லைக்கோடு

அன்பாகப் பேசுவதும் எதையும் கண்டுகொள்ளாமல் விடுவதும் வேறு வேறு. கணக்கில்லாத பணம் கையில் கொடுக்கக் கூடாது. பாக்கியை நீங்கள் அடைக்கக் கூடாது. போதை தெளியாமல் படுத்திருக்கும் பிள்ளைக்காகப் பள்ளிக்கு ‘காய்ச்சல்’ என்று எழுதிக் கொடுக்கக் கூடாது. வீட்டிலுள்ள தூக்க மாத்திரை, வலி மாத்திரை, மது எல்லாவற்றையும் பூட்டி வையுங்கள் அல்லது அகற்றுங்கள். அதேசமயம் ஒரு கதவைத் திறந்து வையுங்கள்: ‘எங்கேயாவது மாட்டிக்கிட்டா, வண்டி ஓட்டுறவன் குடிச்சிருந்தா, எத்தனை மணியானாலும் கூப்பிடு. வந்து கூட்டிட்டு வரேன். அன்னிக்கு ஒண்ணும் கேக்க மாட்டேன்.’ சொன்னபடி நடங்கள். கேள்வி அடுத்த நாள்.

போதை இல்லாத நேரத்தில்தான் நாம் பிள்ளையிடம் முகம் கொடுப்பதில்லை, யோசித்துப் பாருங்கள். குடித்துவிட்டு வந்தால் இரண்டு மணி நேரம் பேச்சு. தெளிவாக வந்து சாப்பிட்டுப் படுத்தால் ஒரு வார்த்தை கிடையாது. ராபர்ட் மேயர்ஸ் என்ற அமெரிக்க உளவியலாளர் குடும்பத்தாருக்காக வகுத்த முறை இதைத் தலைகீழாக்கச் சொல்கிறது. தெளிவாக இருக்கும்போது நேரம், சிரிப்பு, சேர்ந்து ஒரு வேலை. போதையில் வந்தால் பாதுகாப்பாகப் படுக்க வைத்துவிட்டு விலகிவிடுவது, அதனால் வரும் நஷ்டத்தை அவரே அனுபவிக்க விடுவது. 1999-இல் வெளியான ஓர் ஆய்வில், சிகிச்சையே வேண்டாம் என்று மறுத்த குடிநோயாளிகளில் 64 சதவீதம் பேரை இந்த முறையில் பழகிய குடும்பத்தினர் சிகிச்சைக்கு வரவைத்தார்கள். எல்லாரும் சுற்றி உட்கார்ந்து நேரடியாக மோதும் முறைக்குக் கிடைத்தது 30 சதவீதம். அந்த ஆய்வில் இருந்த குடிநோயாளிகள் வயதில் பெரியவர்கள்தான், ஆனாலும் கூடத்தில் நான்கு பேர் உட்கார்ந்த கதைக்கு இந்த எண் ஒரு பதில்.

நிறுத்தும்போது கவனம்

‘அறையில் பூட்டி வைத்து மூன்று நாள் பார்த்துக்கொண்டால் சரியாகிவிடும்’ என்று யாராவது சொல்வார்கள். தினமும் குடிப்பவரும், தூக்கத்துக்கும் பதற்றத்துக்குமான பென்சோடயசெபின் மாத்திரையைத் தொடர்ந்து போடுபவரும் திடீரென நிறுத்தினால் உயிருக்கே ஆபத்து. மதுவில் ஆறு மணி நேரத்துக்குப் பிறகு கை நடுக்கமும் வியர்வையும் தொடங்கும். முதல் இரண்டு நாளில் வலிப்பு வரலாம். இரண்டாம் நாளிலிருந்து நான்காம் நாளுக்குள் இல்லாத ஆட்கள் கண்ணுக்குத் தெரியும் பிதற்றல் நிலை வரலாம். இவர்கள் மருத்துவர் கண்காணிப்பில்தான் நிறுத்த வேண்டும்.

ஓபியாய்டில் ஆபத்து வேறு இடத்தில் இருக்கிறது. நிறுத்தும் நாட்கள் நரகம்தான், ஆனால் பெரும்பாலும் உயிர் போகாது. சில வாரம் விட்ட உடம்பு பழைய அளவைத் தாங்காது. மையத்திலிருந்து திரும்பிய முதல் வாரங்களில் பழைய அளவையே எடுத்து இறப்பவர்கள் அதிகம். இதைப் பிள்ளையிடம் வெளிப்படையாகச் சொல்லிவிடுங்கள்.

தெரியாமல் சாப்பாட்டில் கலந்து கொடுத்தால் குடியை நிறுத்திவிடும் என்று விற்கப்படும் பொடிகளுக்கு ஏமாறாதீர்கள். அவற்றில் டைசல்ஃபிராம் என்ற மருந்து கலந்திருக்கலாம். அது உள்ளே இருக்கும்போது மது போனால் முகம் சிவந்து, வாந்தி வந்து, ரத்த அழுத்தம் சரிந்து, சில சமயம் உயிரே போகலாம். நோயாளிக்குத் தெரியாமல் கொடுக்கவே கூடாத மருந்து அது.

எங்கே போவது

முதலில் மனநல மருத்துவர், முடிந்தால் வளரிளம் பருவத்தினரைப் பார்ப்பவர். பெரும்பாலான பிள்ளைகளுக்கு வீட்டிலிருந்தே போய்வரும் சிகிச்சையும் குடும்பத்தோடு உட்கார்ந்து பேசும் ஆலோசனையும் போதும். தங்கிச் சிகிச்சை பெறுவது தீவிர நிலைக்கும், வீட்டிலேயே பாதுகாப்பு இல்லாதவர்களுக்கும்.

மையத்தில் சேர்ப்பதென்றால் நேரில் போய்ப் பாருங்கள். மருத்துவர் எத்தனை நாளுக்கு ஒருமுறை வருகிறார்? சின்ன வயதுப் பிள்ளைகளுக்குத் தனி இடம் உண்டா, அல்லது நாற்பது வயதுக் குடிநோயாளிகளோடு ஒரே அறையா? வாரம் எத்தனை முறை பிள்ளையைப் பார்க்கலாம்? வெளியே வந்த பிறகு என்ன ஏற்பாடு? கடைசிக் கேள்விக்குப் பதில் இல்லாத இடத்துக்குப் போகாதீர்கள். குடும்பத்தைப் பார்க்க விடாத, அடி உதையைக் ‘கண்டிப்பு’ என்று பெயர் சொல்லும், ‘நூறு சதவீதம் குணம்’ என்று உத்தரவாதம் தரும் இடத்திலிருந்து அப்படியே திரும்பிவிடுங்கள். தூங்கும் பிள்ளையை நடுராத்திரியில் ஆள் வைத்துத் தூக்கிப்போனால், திரும்பி வந்த பிள்ளை போதையை மறந்தாலும் அந்த இரவை மறப்பதில்லை.

மறுபடி எடுத்தால்

எடுக்கலாம். சிகிச்சை பெற்றவர்களில் 40 முதல் 60 சதவீதம் பேர் ஏதாவது ஒரு கட்டத்தில் சறுக்குகிறார்கள். ரத்த அழுத்தம், ஆஸ்துமா நோயாளிகள் மருந்தை விட்டு மறுபடி படுப்பதும் ஏறக்குறைய இதே அளவுக்குத்தான். அவர்களை நாம் ‘துரோகி’ என்பதில்லை. சறுக்கிய அன்று உயிராபத்து இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். மறுநாள் தெளிந்த பிறகு, ‘எங்க, யாரோட, அதுக்கு முன்னாடி என்ன ஆச்சு?’ என்று கேளுங்கள். சண்டையா, தேர்வா, போனில் வந்த ஒரு பழைய பெயரா என்று தெரிந்தால் அதை ஆலோசகரிடம் எடுத்துப் போகலாம்.

உங்கள் தூக்கம், உங்கள் வேலை இரண்டையும் விட்டுவிடாதீர்கள். உங்களைப் போன்ற பெற்றோர் கூடும் குழு எதையாவது தேடிப் பிடியுங்கள். அதுவரை ஒரே ஒருவரிடமாவது மறைக்காமல் பேசுங்கள். வீட்டில் இன்னொரு பிள்ளை இருந்தால் அதையும் கொஞ்சம் பாருங்கள். அண்ணன் சத்தத்தில் அது ஓசையில்லாமல் வளர்ந்துகொண்டிருக்கும், எதுவும் கேட்காது, எல்லாப் பாடத்திலும் நல்ல மார்க் வாங்கும், நிம்மதியாக இருக்கிறது என்று நீங்களும் விட்டிருப்பீர்கள். இந்த வாரம் ஒருநாள் அதை மட்டும் வெளியே கூட்டிப் போங்கள், அண்ணனைப் பற்றிப் பேசாமல்.